உள்ளான் காலில் இருந்தது

போன மாதம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி அந்தப் பழைய போட்டோவைப் போட்டாள். ஏழாம் வகுப்பு, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் எடுத்தது. யார் யாரென்று கண்டுபிடித்து, ஒருத்திக்குப் பல் விழுந்தது, இன்னொருத்திக்கு முடி கொட்டியது என்று கிண்டல் செய்துகொண்டிருந்தோம். கடைசி வரிசையில் இடது ஓரத்தில், ஒரு சடையில் மட்டும் ரிப்பன் கட்டி நிற்பவள் யார் என்று கேள்வி வந்தது. உடனே ஒருத்தி, "அவதாம்ப்பா, கடத்தல் கேஸ்" என்று எழுதி மூன்று சிரிப்பு முகங்களைப் போட்டாள். பதினேழு பேர் அதற்குச் சிரித்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைக் குழுவை விட்டுத் தூக்கினாலும் சரி.

அவள் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். காசிமேட்டில் வீடு. அவள் அப்பா லாஞ்சில் மீன் பிடிக்கப் போகிறவர். எங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். டோல்கேட்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை, மாடியில் குடித்தனம், தெற்கிலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் இருவரையும் ஒரு பெஞ்சில் போட்டது வகுப்பு டீச்சரின் உயரக் கணக்கு, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் எனக்குக் கரும்பலகை தெரியாது. வெள்ளையாக ஏதோ அசைவது தெரியும், எழுத்து தெரியாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் போல, நான்தான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலும் கவனக்குறைவு என்றுதான் திட்டுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்த இந்தச் சிநேகிதி ஜூன் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததைச் சொல்லாமல், டீச்சர் எழுத எழுத உதட்டை அசைக்காமல் எனக்கு வாசித்துக் காட்டுவாள். வருடம் முழுக்க நான் எழுதிய நோட்டெல்லாம் அவள் கண்ணால் எழுதியது.

அவளுக்குத் தொலைவில் இருப்பது துல்லியமாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பருந்து சுற்றினால் அது காலில் எதைப் பிடித்திருக்கிறது என்று சொல்வாள். பறவை என்றால் பைத்தியம். மாசி முடியப்போகும் ஒரு நாள், எண்ணூர் முகத்துவாரத்தில் வெளிநாட்டுப் பறவையெல்லாம் ஊருக்குத் திரும்பிப் போவதற்கு முன்னால் ஒரே இடத்தில் கூடும், பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும், அதற்கப்புறம் ஒன்றுகூட இருக்காது என்றாள். அவளுடைய அத்தைக்கு அங்கேதான் வீடு. சனிக்கிழமை போய்விட்டு வரலாமா என்று கேட்டாள்.

எங்கள் வீட்டில் கேட்டால் விடுவார்களா? குப்பம் என்ற சொல்லே அம்மாவுக்கு ஆகாது. அது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம். ஆகவே நான் வாய் கூசாமல், பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்கள் சனிக்கிழமை தியானம் வைத்திருக்கிறார்கள், சாயந்திரம்தான் விடுவார்கள் என்று சொன்னேன். அப்பா சந்தோஷப்பட்டு, உண்டியலில் போடச் சில்லறை வேறு தந்தார். அந்தச் சில்லறையில்தான் பஸ் ஏறினோம்.

அந்தப் பஸ் பயணம் எனக்கு மூக்கால் நினைவிருக்கிறது. திருவொற்றியூர் வரைக்கும் கருவாடு. அதைத் தாண்டியதும் அழுகிய முட்டை மாதிரி ஒரு புகை. அப்புறம் எண்ணெய். அதற்கப்புறம் ஒரு வளைவில் சட்டென்று எல்லாம் விலகி, உப்புக் காற்று மட்டும் முகத்தில் அடித்தது. சிநேகிதி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, கடலுக்கு மேலே போகிற ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆலா, கடல்காக்கா, மறுபடியும் ஆலா. எனக்கு வானம்தான் தெரிந்தது.

அவள் அத்தையை ஆற்றுக்குள்தான் முதலில் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். வாயில் பறி இருந்ததால் எங்களைப் பார்த்துப் பேச முடியவில்லை, புருவத்தைத் தூக்கிச் சிரித்தார். கரையேறி வந்ததும் என் கன்னத்தைப் பிடித்து, "யாரு ஊட்டுக் கண்ணு இது, வெயில்ல கருத்துப் பூடுமே" என்றார். கையில் சேற்று நாற்றம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முகத்துவாரத்து மணல் திட்டில் போய் உட்கார்ந்தோம். எதிரே ஆறும் கடலும் சேருகிற இடம். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. நான் ஆமாம் ஆமாம், அழகாக இருக்கிறது என்றேன்.

"எத்தினி கீது சொல்லு பாக்கலாம்" என்றாள் சிநேகிதி.

நான் பத்து என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். நூற்றுக்கணக்கில் இருந்ததாம், அத்தனையும் பூநாரை. அவள் என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, கரும்பலகையை வாசிப்பது போலவே அந்த ஆற்றை எனக்கு வாசித்தாள். ஒன்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுத் தலைகீழாக மேய்கிறது, ஒன்று ஒற்றைக் காலில் நிற்கிறது, இரண்டு சண்டை போடுகின்றன, முன்னால் சேற்றில் உள்ளான் குருவிக் கூட்டம் ஓடுகிறது, அலை வந்தால் பின்னால் ஓடி, போனால் முன்னால் ஓடுகிறது. திங்கட்கிழமை டீச்சரிடம் சொல்லி உனக்குக் கண்ணாடி வாங்க ஏற்பாடு செய்கிறேன் என்றாள். பன்னிரண்டு வயதில் அவளுக்கு இருந்த பொறுப்பு எங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்கும் இருக்கவில்லை.

அன்று நான் கண்ணால் பார்த்த பறவை ஒன்றே ஒன்று. திரும்பும் வழியில் மூங்கில் கழியில் சுற்றிக் கிடந்த கிழிந்த வலையில் ஓர் உள்ளான் மாட்டிக்கொண்டு இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அத்தை அதைத் துணியால் மூடிப் பிடித்தார். வயிற்றுச் சிறகு மூச்சு வாங்குவது தெரிந்தது, கண் கருமிளகு போல இருந்தது. அதன் காலில் ஒரு வளையம். ஈயம் பூசிய மாதிரி வெளுப்பாக, மெல்லிசாக. வலை நூல் அந்த வளையத்துக்குள் புகுந்து இறுகிக் காலைச் சதையோடு அறுத்துக்கொண்டிருந்தது. இழுத்தால் கால் போய்விடும்.

அத்தைக்கு வளையத்தைக் கழற்ற மனசில்லை. "யாரோ ஆசையா கொலுசு போட்டு வுட்டுகிறாங்கடி" என்றார். ஆனால் வேறு வழியில்லை. அவர் பிடித்துக்கொள்ள, சிநேகிதி மீன் அறுக்கும் கத்தியின் முனையால் வளையத்தை நெம்பிப் பிரித்து, நூலை இழை இழையாக அறுத்தாள். விட்டதும் அது கொஞ்ச தூரம் நொண்டி ஓடிவிட்டுப் பறந்தது.

வளையத்தில் பொடிப்பொடியாக ஒரு எண்ணும் சில எழுத்தும் இருந்தன. எழுத்து இங்கிலீஷ், ஆனால் வார்த்தை இங்கிலீஷ் இல்லை. சிநேகிதிதான், எங்கள் வீட்டில் இருந்தால் தொலைந்துவிடும், நீ பத்திரமாக வைத்துக்கொள், திங்கட்கிழமை சயின்ஸ் டீச்சரிடம் காட்டலாம் என்று அதை என்னிடம் தந்தாள். நான் பள்ளிக்கூடப் பையில் இருந்த ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். என் பாவாடை முழுக்கச் சேறு. அப்படியே வீட்டுக்குப் போனால் தியானப் பொய் நாறிவிடும். அத்தை எனக்கு ஒரு புடவைத் துண்டைச் சுற்றிவிட்டு, குடத்தில் வைத்திருந்த குடிதண்ணீரில் பாவாடையை அலசினார். அந்தத் தண்ணீருக்கு அவர் எவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. காயும் வரைக்கும் இறால் தொக்கும் சோறும் தந்தார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. பயந்தவர். துறைமுகத்தை ஒட்டிக் கடை வைத்திருந்த எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்குமே அந்தப் பயம் உண்டு. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால், பெரியப்பா கடையில் யாரோ ஒரு சாக்கை வைத்துவிட்டு, திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போயிருக்கிறான். அரிசி என்று நினைத்திருக்கிறார். அவனுக்கு முன்னால் கஸ்டம்ஸ்காரர்கள் வந்தார்கள். சாக்குக்குள் அத்தனையும் வெளிநாட்டு வாட்ச். பெரியப்பா இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார், அதற்கப்புறம் கல்லாவில் உட்காரவே இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வெளிநாட்டு எழுத்துள்ள எதுவும் நுழையக்கூடாது. சிலோனிலிருந்து வந்த உறவுக்காரர் தந்த பிஸ்கட் டப்பாவை அப்பா அரைமணி நேரம் உப்புத்தாளால் தேய்த்து, பேரை அழித்துவிட்டுத்தான் அம்மாவிடம் தந்தார். பிஸ்கட்டையும் அவசர அவசரமாக எங்களையே தின்னச் சொன்னார். சாட்சியம் இருக்கக்கூடாதல்லவா!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கடையில் கணக்கெழுதப் பென்சில் தேடி அப்பா என் பாக்ஸைத் திறந்தார். வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண் போட்ட வில்லையைக் காட்டினால்தான் கடத்தல் சரக்கைக் கைமாற்றுவார்கள் என்று அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"ஏளா, இத யாரு தந்தது?"

சிநேகிதி பேரைச் சொன்னேன். அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அத்தோடு தியானம், எண்ணூர், பஸ், எல்லாம் என் கண்முன் வந்து நின்றது. தெரியாது என்றேன். அவள் அப்பா என்ன வேலை என்று கேட்டார். லாஞ்சில் போகிறார் என்றேன். அவ்வளவுதான், அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது. லாஞ்சில் போகிறவன் மகள் வழியாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் வில்லையைக் கொடுத்து அனுப்புகிறான், பிள்ளைகளை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று. இப்படியொரு முடிவுக்கு வேறு எந்த ஊர் மளிகைக் கடைக்காரராவது வந்திருப்பாரா என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

திங்கட்கிழமை காலை அவரே என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். தலைமையாசிரியை மதரின் அறையில் அப்பா, நான், சிநேகிதி மூன்று பேரும் நின்றோம். வளையம் ஒரு கைக்குட்டையின் மேல் இருந்தது. சிநேகிதி அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள் என்று சொன்னால் நம்புவீர்களா? பறவையைப் பற்றித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"உள்ளான் கால்ல இருந்துச்சி மதர்" என்றாள்.

"குருவிக்கு வெளிநாட்டுல மோதிரம் செஞ்சு மாட்டி அனுப்புதாவளாக்கும்" என்றார் அப்பா.

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. பொய் சொல்வது பாவம், அதுவும் இந்தத் தபசு காலத்தில் என்றார். சிநேகிதிக்கு அப்போதுதான் புரிந்தது. மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். வலை, கத்தி, நூல், எல்லாம். கடைசியில், "இவளும் கூட இருந்தா மதர், இவளக் கேளுங்க" என்று என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கவலையே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஒரு பக்கம் நான் தியானத்துக்குப் போனதாக நம்பும் அப்பா. இன்னொரு பக்கம் அன்றைக்குத் தியானமே இல்லை என்று தெரிந்த தலைமையாசிரியை. நான் வாயைத் திறந்தால் இரண்டும் மோதும்.

"நான் போகல மதர். சனிக்கிழமை கோயில்ல இருந்தேன்" என்றேன்.

சிநேகிதி என்னைத் திட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், தொலைவில் எதையோ அடையாளம் கண்டுபிடிக்கப் பார்ப்பதைப் போல.

மறுநாள் அவள் அத்தை வந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவை ஓரம் ஈரமாக இருந்தது. வராந்தாவில் அவர் நடந்த இடமெல்லாம் தண்ணீர்த் தடம். நம்மில் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டோம், உங்களுக்கு நினைவிருக்கலாம். தலைமையாசிரியை என்னை வெளியே கூப்பிட்டு, இந்த அம்மாவை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"சொல்லு கண்ணு. நான் ஒண்ணியும் கேக்கல. அந்தக் கொலுசு எங்க இருந்துச்சின்னு மட்டும் சொல்லு" என்றார் அத்தை.

அவர் அலசித் தந்த பாவாடையைத்தான் அன்று கட்டியிருந்தேன். இவர்களை நான் பார்த்ததே இல்லை என்றேன். நம் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை வாசிப்பார்களே, குருவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடரின் கதை, அவருக்காவது உறைக்கிற மாதிரி சேவல் கூவியது. எனக்கு இன்டர்வல் மணி அடித்தது. எல்லோரோடும் தண்ணீர் குடிக்கப் போனேன்.

போலீஸுக்குப் போனால் பள்ளிக்கூடத்தின் பேர் கெடும் என்று, தலைமையாசிரியை டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அதைக் கருணை என்றுதான் நினைத்திருப்பார். ஆண்டுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் அப்பா வந்து எதிர்த்துக் கேட்கவும் இல்லை. விவகாரம் பெரிதானால் லாஞ்சைப் பிடித்துவைத்து விசாரிப்பார்கள், அதில் போகிற அத்தனை பேர் பிழைப்பும் போகும் என்று பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வேறு பள்ளிக்கூடத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அப்பா அந்த வளையத்தைக் காசிமேட்டுக் கடலில் வீசிவிட்டு வந்து குளித்தார்.

புனித வாரத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் சாமி என்றேன். எத்தனை முறை என்று கேட்டார். மூன்று முறை என்றேன். அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தும் எதுவும் இறங்கவில்லை. யாரைப் பற்றிப் பொய், யாருக்கு என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் போன இரண்டே வாரத்தில் எனக்குக் கரும்பலகை தெரியாது என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பாண்டி பஜார் வரை கூட்டிக்கொண்டு போய் அப்பா கண்ணாடி வாங்கித் தந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பரீட்சை எழுதினேன், பாஸ் செய்தேன், பள்ளிப்படிப்பை முடித்து, கல்லூரிக்கும் போய், வங்கியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொன்னது அவர் படுக்கையில் விழுந்த பிறகு. அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு, "எனக்குத் தெரியும்ளா" என்றார். அந்த ஈஸ்டர் முடிந்த வாரமே, கடைக்கு வந்த கப்பல் குமாஸ்தா ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், வெளிநாட்டில் பறவை காலில் வளையம் மாட்டி விடுவார்கள், எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க என்று. அப்போது பரீட்சைக்கு இன்னும் நாள் இருந்தது. ஏன் போய்ச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அந்தப் பிள்ளையத் திருப்பி எடுத்துக்கிட்டு ஒன்னய அனுப்பியிருப்பாவ" என்றார்.

அவர் சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் தனித்தனியாக அதை மறைத்து வைத்திருந்தோம். அவர் இறந்த பிறகு மறைக்க நான் மட்டும் மிச்சம்.

இப்போது முகத்துவாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் நீளக் கேமராவோடு வந்து நிற்கிறார்கள். கரைக்கு மேலே நிலக்கரியைச் சுமந்துபோகும் கன்வேயர் பட்டை, ஆற்றில் சாம்பல் படிந்த சேறு, இருந்தும் ஒன்றிரண்டு பறவைகள் வரத்தான் செய்கின்றன. அவர்களில் ஒரு பெண், பறவைக் காலில் இருக்கும் வளையத்து எண்ணைப் படம் பிடித்து அனுப்பினால் எங்கே, எப்போது மாட்டியது என்று பதில் வந்துவிடும் என்று எனக்கு விளக்கினாள். நல்ல பெண். நான் கேட்டுக்கொண்டேன், எதுவும் தெரியாதவளைப் போல.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வு பெற்ற வருடம், டோல்கேட் பக்கத்துக் கிளையில் என் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். கணக்குத் தொடங்கும் படிவம் இங்கிலீஷில் இருக்கிறது, எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அடையாள அட்டையை வாங்கிப் பேரையும் அப்பா பேரையும் பார்த்தேன். பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. விரல் நுனிகள் ஐஸிலும் உப்பிலும் ஊறி வெடித்து, ரேகையே இல்லாமல் இருந்தன. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். விலாசம், தொழில், வாரிசு. படிப்பு என்ற இடம் வந்தது. கேட்காமல் தாண்டியிருக்கலாம். கேட்டேன்.

"ஏயாவது" என்றாள்.

நான் எழுதத் தொடங்கியதும், "இருங்க மேடம்" என்று படிவத்தின் மேல் கையை வைத்தாள். "பரீச்ச எய்தல. ஆறுன்னே போட்ருங்க. அப்பால நான் பொய் சொன்னேன்னு சொல்லிடப் போறாங்க."

அதுதான் சந்தர்ப்பம். நான்தான் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள், எனக்கு வயது ஐம்பத்தொன்பது, அடிக்க அப்பா இல்லை, கேட்க மதர் இல்லை.

ஏழு என்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினேன். கீழே, விவரங்கள் சரிபார்க்கப்பட்டன என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.